சிறுகல் மாளிகையைப் புதுமனைக்குக் கொண்டுசெல்லும் முறை

ஒரு பொருளைக் கட்டி முடித்தல் அரிய செயலே. ஆயினும், கட்டியதனை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சிதையாமற் கொண்டுசெல்லுதல் அதனினும் அரிதென்பது வீடு மாறினோர் பலரும் அறிந்ததொன்றாம். மனை மாறும் நாளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் பழுதின்றிப் போய்ச் சேரும். கண்ணாடியும் பீங்கானுங்கூடப் பெரும்பாலும் பழுதின்றியே சேரும், என்னை? அவை உடையுமென்று அஞ்சி, நாம் முன்னரே அவற்றைப் பொதிந்து வைக்கின்றோம். ஆனால், எளிதில் உடையாத உறுப்புகளால் ஆகியும், எடுத்த மாத்திரத்தே நூறு கூறாய்ச் சிதறும் பொருளொன்று உண்டு. அதுவே லெகோ என வழங்கும் விளையாட்டுச் செங்கற்களாற் கட்டிய பெரிய மாதிரி. அதனைப் புதுமனைக்குக் கொண்டுசெல்லும் முறையை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பம் குரோம்பேட்டையிலிருந்த வாடகை வீட்டை விடுத்துப் படப்பையிற் புதிதாய்க் கட்டிய சிறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மேசையின்மேல் தாஜ்மகால் ஒன்று நின்றது. வெளிநாட்டிற் பணிபுரியும் எம் மாமா என் தம்பிக்கு அனுப்பிய பரிசு அது. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மாதிரியில் 5,923 உறுப்புகள் உள்ளன. உயரம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். அகலம் 51 சென்டிமீட்டருக்குச் சற்று மிகும். தம்பியும் எங்கள் தாத்தாவும் மாலைதோறும் அருகருகே அமர்ந்து பதினான்கு திங்களில் அதனைக் கட்டி முடித்தனர். தாத்தா தச்சுப்பணி செய்து ஓய்ந்தவர். கட்டத் தொடங்கியபோதே அவர்தம் பார்வை மங்கியிருந்தது. கண்ணழுத்த நோயினால் இப்பொழுது வெளிச்சமும் நிழலும் மட்டுமே அவருக்குப் புலனாகின்றன. "இது விழுந்தால் நான் மறுபடி கட்டிவிடுவேன், அண்ணா, ஆனால் தாத்தாவோடு கட்ட முடியாதே" என்று தம்பி ஒருநாள் இரவு என்னிடம் கூறினான். அச்சொல் கேட்ட பின்னர், அம்மாளிகையை எவ்வாறேனும் பழுதின்றிக் கொண்டுபோதல் என் கடனாயிற்று.

முதற்கண் இக்கற்களின் இயல்பை அறிதல் வேண்டும். தென்மார்க்கு நாட்டிலே பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்னும் தச்சர் 1932-ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்னும் பொருளுடைய தென்மார்க்குச் சொற்கள் இரண்டினைச் சுருக்கி இணைத்ததே லெகோ என்னும் பெயர். இன்று நாம் காணும் வடிவுடைய கல்லுக்கு 1958-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் காப்புரிமை வேண்டப்பட்டது. கல்லின் மேற்புறத்தே சிறு குமிழ்கள் உள. அடிப்புறம் உள்ளீடற்று, நடுவே குழல்களை உடையது. ஒரு கல்லின்மேல் மற்றொரு கல்லை வைத்து அழுத்தும்போது, கீழ்க்கல்லின் குமிழ் மேற்கல்லின் சுவருக்கும் குழலுக்கும் இடையே புகுந்து இறுகுகின்றது. குமிழ் புகும் இடைவெளி குமிழினும் மயிரிழை குறுகியதாதலின், நெகிழி சற்றே விரிந்துகொடுத்து, மீண்டும் தன் நிலைக்கு வர முயல்கின்றது, அம்முயற்சியே பிடிப்பாகின்றது. இக்கற்கள் 1963-ஆம் ஆண்டு முதல் ஏபிஎஸ் என்னும் உறுதியான நெகிழியால் வார்க்கப்பட்டு வருகின்றன. அதற்கு முன்னர்ப் பயன்பட்ட பொருள் நாளடைவில் வளைந்து போயிற்று.

கல் ஒவ்வொன்றும் எத்துணை வலியது என்பதற்கு ஒரு சான்று காட்டுவல். இங்கிலாந்து நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2012-ஆம் ஆண்டில் நான்கு குமிழ்களையுடைய சிறு கல் ஒன்றினைப் பொறியிலிட்டு அழுத்திப் பார்த்தனர். ஏறத்தாழ 430 கிலோகிராம் எடைக்கு ஒப்பான அழுத்தத்தை அது தாங்கிற்று. பெரிய நெல்மூட்டைகள் ஐந்தாறினை ஒரு கட்டைவிரலளவுக் கல்லின்மேல் ஏற்றியதற்கு இஃது ஒப்பாம். அங்ஙனமாயின் மாளிகை சிதறுவது எதனால்? கல் உடைவதனாலன்று; கற்களின் இணைப்பு விட்டுப்போவதனாலேயே. மேலிருந்து நேரே அழுத்தினால் இணைப்பு இறுகும். பக்கவாட்டில் வளைத்தாலும், முறுக்கினாலும், இடைவிடாது அதிர்த்தாலும் நெகிழும். மாதிரி பெரிதாகுந்தோறும் அதன் அடித்தளம் வளைதலும் மிகும். இருபுறமும் கைகொடுத்துத் தூக்குங்கால் நடுப்பகுதி தன் எடையினால் தாழ்கின்றது. தாழ்ந்தவுடன் அடியிலுள்ள இணைப்புகள் வாய்பிளக்கின்றன. மேலுள்ள சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிகின்றன.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்றிலேன். என் பிழையினாலேயே கற்றேன். ஈராண்டிற்கு முன் தம்பி கட்டிய சிறு கலங்கரை விளக்கமொன்றை அவன் பள்ளிக் கண்காட்சிக்கு மிதிவண்டியிற் கொண்டுசென்றேன். முழுதாக ஒரு பையிலிட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டால் போதுமென்று எண்ணினேன். பள்ளி வாயிலிற் பையைத் திறந்தபோது விளக்கமும் இல்லை, வீடும் இல்லை. வண்ணக் கற்களின் குவியலே இருந்தது. தம்பி அழவில்லை, ஆயினும் அதன்பின் தன் பொருள் எதனையும் என் கையில் அவன் கொடுத்ததில்லை.

ஆதலின் இம்முறை தாத்தாவிடமே வழி கேட்டேன். அவர் சிரித்து, "கட்டிலை முழுதாக வாசலில் நுழைக்கப் பார்ப்பவன் கட்டிலையும் முறிப்பான், வாசலையும் இடிப்பான். கழற்றத் தெரிந்தவன்தான் தச்சன், தம்பி" என்றார். ஈண்டு யான் கூற விரும்பும் செய்தி முழுதும் அவ்வொரு மொழியில் அடங்கிற்று. காக்க விரும்புவோர் பிரித்தற்கு அஞ்சுகின்றனர். பிரிக்க அஞ்சி முழுதாய்த் தூக்குவதனாலேயே, பிரியலாகாத இடங்களிற் பொருள் பிரிந்துபோகின்றது. எங்கே பிரிக்கலாமோ அங்கே நாமே முறைப்படி பிரித்துவிட்டால், ஏனைய இடங்கள் பிழைத்துக்கொள்ளும்.

பெரியோர் செய்த பெரிய இடமாற்றங்களும் இவ்வழியே நடந்தன. எகிப்து நாட்டிலே நைல் ஆற்றின் குறுக்கே அசுவான் உயர் அணை எழுந்தபோது, அபு சிம்பல் என்னுமிடத்துப் பாறைக் கோயில்கள் நீரில் மூழ்கும் நிலையெய்தின. 1964 முதல் 1968 வரையில் யுனெஸ்கோவின் துணையுடன் அவற்றை ஆயிரத்திற்கு மேற்பட்ட துண்டுகளாய் அறுத்து, எண்ணிட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினர். நம் நாட்டிலும், கிருஷ்ணை ஆற்றில் நாகார்ச்சுனசாகர் அணை கட்டி முடிக்கப்படுமுன்னர், 1954 முதல் 1960 வரை நாகார்ச்சுனகொண்டாப் பள்ளத்தாக்கினை அகழ்ந்து, அங்குக் கிடைத்த பழம்பெருங் கட்டிடங்களுட் சிலவற்றைப் பெயர்த்தெடுத்துக் குன்றின் உச்சியிலும் அனுப்பு என்னும் கரையிடத்தும் மீள அமைத்தனர். அக்குன்று இன்று நீர் சூழ்ந்த தீவாய் நிற்கின்றது. மலையைக் குடைந்த கோயிலே பிரித்தெடுக்கப்பட்டுப் பிழைத்ததெனில், மேசைமேல் நிற்கும் மாளிகையைப் பிரித்தற்கு நாம் அஞ்சுதல் வேண்டா.

லெகோ மாதிரிகளை வகுத்தோரும் இதனை எண்ணியே வகுத்துள்ளனர். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த டைட்டானிக் கப்பல் 9,090 உறுப்புகளும் 135 சென்டிமீட்டர் நீளமும் உடையது. அது மூன்று பகுதிகளாய்ப் பிரியும். 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஈபெல் கோபுரம் 10,001 உறுப்புகளால் ஆகி 149 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்பது; அது நான்கு பகுதிகளாய்ப் பிரியும். எம் தாஜ்மகாலிலும் குவிமாடமும், சிறு கோபுரங்களும், நான்கு மூலைத் தூண்கோபுரங்களும், அடித்தளத்தின் பகுதிகளும் தனித்தனியே எடுக்கத்தக்கனவாகவே உள்ளன. இத்தகைய இயற்கையான பிரிவிடங்களைக் கண்டுகொள்ளுதலே முதல் வேலை. கட்டும் முறை கூறும் நூலைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டினால் அவை எளிதிற் புலப்படும்.

இனி, செய்யத்தக்க முறைகளை வரிசையாகக் கூறுவல்.

முதலாவது, பதிவு. ஒரு பொருளைத் தொடுமுன்னர் நாற்புறமும் மேற்புறமும் கைபேசியாற் படம் பிடித்தல் வேண்டும்; ஒவ்வொரு பகுதியையும் நீக்கியபின் மீண்டும் ஒரு படம். பகுதிகளுக்கு எண்ணிட்டு, நீக்கிய வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வரிசையைத் தலைகீழாய்ப் படித்தால் அதுவே பொருத்தும் வரிசையாகும். தச்சர்கள் பொருந்தும் இரண்டு மர உறுப்புகளிலும் ஒரே குறியை இடுவது இதற்காகவே. நினைவே போதுமென்று கருதுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். எட்டுக் குமிழ்களும் ஒரே நிறமும் உடைய கற்கள் ஆறினை எத்தனை வகையாய் இணைக்கலாமென்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணித்துரைத்தார், விடை 91,51,03,765. ஆறு கற்களுக்கே இவ்வளவாயின், ஆறாயிரம் உறுப்புகளுக்கு நினைவை நம்புதல் பேதைமையன்றோ?

இரண்டாவது, பிரித்தல். உலர்ந்த மென்றூரிகையால் தூசியைத் துடைத்த பின்னர், உச்சியிலிருந்து அடி நோக்கியும் வெளியிலிருந்து உள்நோக்கியும் பிரித்து வருதல் வேண்டும். உயரமாயும் ஒடுங்கியும் உள்ளன முதலில் நீக்கத்தக்கன. ஆக்ராவிலுள்ள மெய்யான தாஜ்மகாலின் மூலைத் தூண்கோபுரங்கள் சற்றே வெளிப்புறம் சாயக் கட்டப்பட்டவை. வீழினும் நடுமாளிகையின்மேல் வீழா. விளையாட்டு மாளிகையின் தூண்களுக்கு அக்காப்பு இல்லை. வண்டி குலுங்கினால் குவிமாடத்தின்மேலேயே சாயும். ஒட்டாது கழன்று வரும் சிற்றுறுப்புகளைச் சிறு பைகளிலிட்டு, எப்பகுதிக்குரியன என்று எழுதி, அப்பகுதியோடேயே வைத்தல் நலம். எஞ்சிய பகுதி ஒவ்வொன்றையும் மேலிருந்து மெல்ல அழுத்தி இணைப்புகளை இறுக்கிவிட வேண்டும். பின்னர் அதனடியில் ஒட்டுப்பலகையையோ தட்டையான தாம்பாளத்தையோ செருகி, அப்பலகையைப் பிடித்தே தூக்கவேண்டும். சுவரைப் பிடித்தோ கூரையைப் பிடித்தோ தூக்குதல் ஒருபோதும் ஆகாது.

பசையிட்டு ஒட்டிவிட்டால் என்னவென்று சிலர் வினவலாம். பில்லுண்டில் 1968-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லெகோலாந்து போன்ற பூங்காக்களிலுள்ள மாபெரும் உருவங்கள் பசையால் ஒட்டப்பட்டு, உள்ளே இரும்புச் சட்டமும் பெற்றுள்ளன என்பது மெய்யே. அவை வெயிலிலும் மழையிலும் ஊரார் நடுவே நிற்பவை. வீட்டுப் பொருளுக்கு அது தகாது. ஒட்டிய பொருள் வீழ்ந்தால் இணைப்பில் விடுவதற்கு மாறாகக் கல்லே வெடிக்கும். மீட்டமைத்தற்கு வழியும் இராது.

மூன்றாவது, பொதிதல். படப்பை என்னும் சொல்லுக்குத் தோட்டம், கொல்லை என்னும் பொருள்களைப் பழைய நூல்களிற் காண்கின்றோம். படப்பு என்பது தென்மாவட்டங்களில் இன்றும் வைக்கோற்போரைக் குறிக்கும். புதுவீட்டிற்குச் செல்லுமுன் இச்சொல்லாராய்ச்சி எனக்குக் கைகொடுத்தது. குயவர் சட்டிபானைகளை வண்டியேற்றுங்கால், பானைக்கும் பானைக்கும் இடையே வைக்கோலைத் திணிப்பர். வைக்கோல் இரண்டு வேலைகளைச் செய்கின்றது: ஒன்று, அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்ளுதல், மற்றொன்று, பானை அசைவதற்கு இடங்கொடாமை. சிறுகல் மாளிகைக்கு வைக்கோல் உதவாது, தூசும் சருகும் இணைப்புகளிற் புகுமாதலின். அதன் தத்துவமே நமக்கு வேண்டுவது. முதலில் உணவுப் பண்டங்களை மூடும் மெல்லிய நெகிழித்தாளால் பகுதியைச் சுற்றிச் சுற்றிப் போர்த்த வேண்டும். கழன்ற உறுப்பு எதுவாயினும் அத்தாளுக்குள்ளேயே கிடக்கும். ஒட்டுநாடாவைக் கல்லின்மேல் நேரே ஒட்டலாகாது. பசை தங்கும், படவொட்டுகளும் உரிந்துவிடும். அதன்மேல் காற்றுக்குமிழ்த் தாளையோ பழைய வேட்டியையோ சுற்றி, பகுதியினும் எப்புறமும் நான்கு விரல் பெரிதான அட்டைப் பெட்டியில் வைத்து, இடைவெளியெல்லாம் கசக்கிய தாளால் நிரப்புதல் வேண்டும். மூடியபின் பெட்டியை மெல்ல ஆட்டிச் செவிசாய்த்துக் கேட்க. உள்ளே ஏதேனும் நகரும் ஒலி கேட்டால், இன்னும் தாள் வேண்டுமென்பது கருத்து.

நான்காவது, ஏற்றுதல். பெட்டியின் நாற்புறமும் 'இப்பக்கம் மேலே' என்று பெரிய எழுத்தில் எழுதி, அம்புக்குறியும் இடுதல் வேண்டும். அதன்மேல் வேறெதனையும் அடுக்கலாகாது. தலையணை ஒன்றேயெனினும் வேண்டா, தலையணைமேல் பிறிதொன்றை வைப்பார் உளராதலின். எங்கள் தட்டுமுட்டுப் பொருள்கள் மக்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியிற் சென்றன. அவ்வண்டியின் தட்டு எடைமிகுந்த பொருளைச் சுமத்தற்கே ஏற்றது. எடை குறைந்தவழி மிகவுந் துள்ளும். ஆகவே மாளிகையின் பெட்டிகளை வாடகைக் காரில் எங்களோடேயே ஏற்றினோம். அடித்தளப் பெட்டிகள் காரின் பின்னே விரித்த மெத்தையின்மேல் அமர்ந்தன. குவிமாடத்தைத் தம்பி மடியில் வைத்துக்கொண்டான். தூண்கோபுரங்களின் பெட்டியைத் தாத்தா கேட்டு வாங்கிக்கொண்டார். மனிதர் உடலினும் சிறந்த வைக்கோல் வேறில்லை. குலுக்கத்தை உணர்ந்து அதற்கேற்ப நெகிழ்ந்துகொடுக்கும் அறிவு அதற்கு உண்டு.

காலத்தையும் நோக்குதல் வேண்டும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய வண்டியினுள் வெப்பம் வெளியினும் மிகப் பெருகும். இக்கற்களைக் கழுவும் நீரே 40 பாகைக்கு மேற்படலாகாதென்பது செய்வோர் அறிவுரை. ஆதலின் விடியற்காலை ஐந்தரை மணிக்கே புறப்பட்டோம். தாம்பரம் கடந்து, முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியே செல்லும் அப்பாதை இருபது கிலோமீட்டருக்கு உட்பட்டதே. ஆயினும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கனவண்டிகள் பகலெல்லாம் நெருக்குமாதலின், வைகறையே தக்கதாயிற்று. வேகத்தடைகள் எங்கெங்கே உள்ளன என்பதை முதல்நாளே சென்று எண்ணி வந்திருந்தேன். ஓட்டுநரும் அன்புடையவராய் ஒவ்வொன்றிலும் ஊர்ந்தே சென்றார்.

அங்ஙனமிருந்தும், படப்பை ஊருக்குள் நுழையுமுன், எங்கிருந்தோ ஒரு நாய் குறுக்கே ஓட, ஓட்டுநர் சட்டென வண்டியை நிறுத்த நேர்ந்தது. தாத்தாவின் மடியிலிருந்த பெட்டியுள் 'கலீர்' என்றோர் ஒலி எழுந்தது. ஒருவரும் பேசவில்லை. தம்பி என் முகத்தை நோக்கினான். எனக்குப் பழைய கலங்கரை விளக்கத்தின் நினைவு வந்தது.

ஐந்தாவது, மீட்டமைத்தல். புதுமனையிற் பொருளை வைக்கும் இடம், பொருள் வருமுன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்விடம் மட்டமாய் இருக்கவேண்டும். மேற்கு வெயில் படலாகாது, நாள்பட்ட வெயிலால் வெண்கற்கள் மஞ்சளிக்கும். கதவு மோதும் தொலைவினின்றும் விலகியிருக்கவேண்டும். பெட்டிகளை எண் வரிசையாக அடுக்கி, ஒரு நேரத்தில் ஒன்றையே திறந்து, நெகிழித்தாளைக் கத்தரிக்கோலால் மெல்ல நறுக்கி எடுத்தல் வேண்டும், உருவி இழுத்தலாகாது. ஒரு பகுதி பொருந்திய பின்னரே அடுத்த பெட்டியைத் தொடுதல் வேண்டும். வந்த அன்றே முடிக்கவேண்டுமென்னும் அவசரமும் ஆகாது. களைத்த கை தவறும் கை.

நாங்களும் இரண்டு நாள் கழித்தே அவ்வேலையைத் தொடங்கினோம். அடித்தளம் பழுதின்றி அமர்ந்தது. நடுமாளிகையும் குவிமாடமும் அவ்வாறே. தூண்கோபுரங்களின் பெட்டியைத் திறந்தபோது மூன்று கோபுரங்கள் முழுதாயிருந்தன. நான்காவது மூன்று துண்டாய்ப் பிரிந்து, நெகிழித்தாளுக்குள்ளேயே கிடந்தது. ஓர் உறுப்பும் காணாமற் போகவில்லை. தம்பி அத்துண்டுகளைத் தாத்தாவின் கையில் வைத்தான். யான் படத்தைப் பார்த்து வரிசையைக் கூறினேன். அவர் பார்வையற்ற விரல்களாற் குமிழ்களை ஒவ்வொன்றாய்த் தடவி எண்ணி, ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து அழுத்தினார். அவை பொருந்தும் 'டக்' என்னும் ஒலி கேட்குந்தோறும், "இன்னொன்று இருக்கிறதா?" என்று கேட்டார். மூன்று துண்டுகளையும் பொருத்தக் கால்மணி நேரம் ஆயிற்று. தம்பி அவரை விரைவுபடுத்தவில்லை.

நிற்க. பெரிய மாதிரியைப் புதுமனைக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் கொள்ளவேண்டுவன இவையே: பொருள் எங்கே பிரியுமென அறிக, பிரிக்குமுன் பதிவு செய்க, அடியிலிருந்து தூக்குக, அசைய இடங்கொடாது பொதிக, ஆளோடு கொண்டுசெல்க, பொறுமையுடன் பொருத்துக. இவற்றுள் ஒன்றேனும் அரிய செலவுடையதன்று. சில பெட்டிகளும், பழந்தாள்களும், ஒரு சுருள் நெகிழித்தாளும், இரண்டு நாள் ஓய்வுமே வேண்டுவன. அவ்வளவு செய்தும் ஏதேனும் ஒரு பகுதி வழியிற் பிரியலாம். பதிவும் உறுப்புகளும் கையிலிருந்தால் அது கேடாகாது.

இப்பொழுது படப்பை வீட்டுக் கூடத்தில், கிழக்குச் சுவரோரம், அம்மாளிகை நிற்கின்றது. அதன் தென்மேற்குத் தூண்கோபுரம் மற்றவற்றினும் சற்றே கோணி நிற்கின்றதென்பது உற்று நோக்குவார்க்குத் தெரியும். அதனை நேராக்கலாமா என்று ஒருநாள் தம்பியைக் கேட்டேன். "வேண்டாம், அண்ணா, அது தாத்தா வைத்தது" என்றான். அவன் எண்ணிட்ட அத்தாளும் மாளிகையின் அடித்தளத்திற்குக் கீழேயே மடித்து வைக்கப்பட்டுள்ளது; மீண்டும் ஒருகால் வீடு மாற நேரின், எம்மில் யாவர் எடுத்துச் செல்லினும் அது வழிகாட்டும்.